பாதி மூடலா, முழு மூடலா?

வடசென்னையின் எண்ணூர் விரைவுச் சாலை மாதிரி ஒரு சாலையைப் பெயர்த்துப் புதிதாகத் தார் போட வழி இரண்டு. ஒன்று, பாதியை மூடி, மறுபாதியில் வண்டிகளை விட்டு, இரவில் வேலை பார்ப்பது. போக்குவரத்து நிற்காது, சரி. ஆனால் பழைய தாரைச் சுரண்டிய இடத்தில் விளிம்பு 2 அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் பக்கத்தில் பைக்கில் அதை ஏறி இறங்கியவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். அப்புறம், சுமார் 150 டிகிரி சூட்டில் கொட்டும் தார்க்கலவை சரியாக ஆறுவதற்குள் காலை நெரிசல் வந்துவிடும். ஆறிப்போன பாதியோடு புதுப் பாதி நன்றாகப் பிடிக்காது. ஐப்பசி மழைத்தண்ணீர் முதலில் இறங்குவது அந்த நடு இணைப்பில்தான்.

முழுதாக மூடினால் ரோலர் தடையில்லாமல் ஓடும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் லாரிகளை எங்கே திருப்புவது? திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏற்கெனவே பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தண்டையார்பேட்டைச் சந்துகளில் 40 அடி டிரெய்லர் திரும்பவே திரும்பாது.

லாரிச் சாலைக்கு இரவுப் பாதி மூடல், உள்தெருக்களுக்கு இரண்டு நாள் முழு மூடல். என் ஓட்டு இதற்குத்தான். தண்ணி லாரி வரும் நாளை மட்டும் விட்டுவிட்டால், தெருவில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.