மினிமம் டியூ, நகைக்கடன், செட்டில்மென்ட், மஞ்சள் கடுதாசி: கடன் கையை மீறிப் போனால் எது தேவலை?

சம்பளம் 40,000, கட்ட வேண்டிய தவணை 46,000. இந்த நிலைக்கு வந்துவிட்டவரிடம் போய் "செலவைக் குறைங்க" என்று சொல்வதில் பிரயோஜனமே இல்லை. டீயையும் பிரியாணியையும் விட்டால் சரியாகிவிடும் என்றால் அவரே எப்போதோ விட்டிருப்பார். அவர் முன்னால் இருப்பது சில வழிகள்தான்: கார்டுக்கு மினிமம் டியூ (அந்த மாதத்துக்கான குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டி நாளை ஓட்டுவது, நகையை வைத்து எல்லாவற்றையும் அடைப்பது, வங்கியிடமே பேசித் தவணையை மாற்றுவது, கட்டுவதை நிறுத்திவிட்டு, பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கணக்கை முடிக்கும் செட்டில்மென்டுக்குப் போவது, கடைசியாக, நீதிமன்றத்தில் திவால் மனுப் போடுவது, அதாவது ஐ.பி. என்கிற மஞ்சள் கடுதாசி. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், பெரும்பாலும் அவரவர் தப்பித்த வழியை.

ஒப்பிடுவதற்கு முன்னால் கடன்களையே இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கடன்காரன் அதிகமாகச் சத்தம் போடுகிறானோ அவனுக்கு முதலில் கட்டுவதுதான் நம் வழக்கம். கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன், செயலிக் கடன், இவர்கள்தான் நாளுக்கு இருபது தடவை கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவர்களிடம் ஈடாக எதுவும் இல்லை, போன் ஒன்றுதான் ஆயுதம். வீட்டுக்கடன் கொடுத்தவர் அவ்வளவு கத்த மாட்டார். 90 நாள் கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன், அப்புறம் 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதற்கும் மசியாவிட்டால் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். அடகு நகையும் அப்படித்தான், சத்தமில்லாமல் ஏலத்துக்குப் போகும். ஆக வாடகை, சாப்பாடு, பிள்ளைகள் ஃபீஸ் போக மிஞ்சுவதில் வீடும் நகையும் முதலில், நண்பர் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் அடுத்து, கார்டு கடைசியில். கத்துகிறவன் காத்திருக்கட்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. "கடன் கட்டாததுக்கெல்லாம் கைது கிடையாது" என்று வீடியோ போடுகிறவர்கள் இதை விழுங்கிவிடுகிறார்கள். கடன் பாக்கி சிவில் விஷயம்தான், போலீஸுக்கு அதில் வேலையில்லை. ஆனால் கொடுத்த செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு, ஆட்டோ டெபிட் திரும்பினால் 2007-ம் ஆண்டு பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-வது பிரிவு. இரண்டிலும் இரண்டு வருடம் வரை சிறை, தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் என்று இருக்கிறது. பணம் கேட்டு நோட்டீஸ் வந்தால் 15 நாள் அவகாசம். அந்தத் தபாலை மட்டும் பிரிக்காமல் வைக்கக் கூடாது.

சரி, முதல் வழி, மினிமம் டியூ. கார்டில் இரண்டு லட்சம் பாக்கி, வட்டி மாதம் 3.5 சதவீதம், மினிமம் டியூ 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,260, ஆக 8,260 ரூபாய். நீங்கள் கட்டும் பத்தாயிரத்தில் அசலில் கழிவது 1,740 மட்டும். போதாக்குறைக்கு, பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் முதல் நாளிலிருந்தே வட்டி, அந்த 45 நாள், 50 நாள் சலுகையெல்லாம் கிடையாது. அடுத்த மாதம் ஒரு தொகை நிச்சயமாக வருகிறது என்றால் ஒன்றிரண்டு மாதம் சமாளிக்க இது பரவாயில்லை. அதற்கு மேல் இதை ஒரு வழி என்று சொல்வதற்கில்லை.

அதே இரண்டு லட்சத்தை நகைக்கடனாக மாற்றினால்? வருடம் 10 சதவீதம் என்றாலும் வட்டி 20,000. கார்டு வட்டி வருடக் கணக்கில் ஒரு லட்சத்தை நெருங்கும். கணக்கு என்று பார்த்தால் நகைதான் ஜெயிக்கிறது, சிபில் ஸ்கோரையும் (கடனைக் கட்டிய ஒழுங்குக்கான மதிப்பெண்) பெரிதாகப் பார்க்க மாட்டார்கள், மறுநாளே போன் நின்றுவிடும். ஆனால் நீங்கள் செய்திருப்பது என்ன என்று யோசியுங்கள்: ஈடு இல்லாத, கத்த மட்டுமே முடிந்த கடனை ஈடுள்ள கடனாக மாற்றியிருக்கிறீர்கள். வீட்டின்மேல் டாப்-அப் (கூடுதல் கடன்) வாங்கிக் கார்டை அடைப்பதும் இதே ரகம். வருமானம் ஒழுங்காக வருகிறது, வட்டிதான் தின்கிறது என்றால் நகையை வையுங்கள், கையோடு கார்டையும் மூடிவிடுங்கள் (மூடாதவர்கள் ஆறே மாதத்தில் இரண்டு கடனோடு நிற்பார்கள்). வேலையே போய்விட்டது, எப்போது கிடைக்கும் என்று தெரியாது என்றால் நகையைத் தொடவே கூடாது. கொஞ்ச நாள் திட்டு வாங்கிப் பேசி முடித்திருக்கக்கூடிய கார்டு பாக்கிக்காகத் தாலிச் சங்கிலியை ஏலத்தில் விட்டவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர்.

மூன்றாவது, வங்கியிடம் பேசுவது. பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை, செய்கிறவர்களும் கிளை மேனேஜரிடம் போய் நிற்கிறார்கள். கார்டு விஷயத்தில் கிளையில் உள்ளவருக்குப் பெரிதாக அதிகாரம் கிடையாது. குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் போட வேண்டும், அதில் கண்ணீர் வேண்டாம், மூன்று விஷயம் போதும்: வருமானம் ஏன் குறைந்தது, இப்போது எவ்வளவு வருகிறது, மாதம் எவ்வளவு கட்ட முடியும். கார்டு பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றுவது, பெர்சனல் லோன் காலத்தை நீட்டிப்பது, இதெல்லாம் 90 நாள் தாண்டுவதற்கு முன்னால் கேட்டால்தான் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை, மறுத்தால் அந்தப் பதிலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கடன் வாங்கிய அதே வங்கியில் சம்பளக் கணக்கும் இருந்தால், கணக்கில் விழும் பணத்தைப் பாக்கிக்கு ஈடுகட்டிக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. சம்பளம் விழுந்த அன்றே துடைத்து எடுத்த பிறகு வீட்டு வாடகைக்கு யாரிடம் போவது? சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றிவிட்டுப் பேச்சைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்து எல்லோரும் ஆசையோடு கேட்பது, செட்டில்மென்ட். கணக்கு வாராக்கடன் ஆன பிறகுதான் பெரும்பாலும் இந்தப் பேச்சு எடுபடும், மாதக் கடைசியில் ஏஜென்டே கூப்பிடுவார்: "சார், இன்னிக்கு ஆறு மணிக்குள்ள போட்டீங்கன்னா பாதியில முடிச்சித் தர்றேன், நாளைக்கு இந்த ஆஃபர் இருக்காது." இருக்கும். டார்கெட் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. அவருடைய யூ.பி.ஐ. எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வங்கியின் லெட்டர்ஹெட்டிலோ அதிகாரபூர்வ மின்னஞ்சலிலோ கடிதம் வர வேண்டும், அதில் கணக்கு எண், முடித்துக்கொள்ளும் தொகை, கெடு தேதி, "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருள்படும் வரி, இவை நான்கும் இருக்க வேண்டும், பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போக வேண்டும். தவணையில் செட்டில்மென்ட் என்றால் இன்னும் உன்னிப்பாகப் படியுங்கள். ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்து, அதுவரை கட்டியதைப் பழைய பாக்கியில் வரவு வைப்போம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆகவே மொத்தமாகக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதே மேல்.

இதற்கு விலை உண்டு. சிபிலில் "க்ளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்று வரும், அது குறைந்தது ஏழு வருடம் பதிவில் கிடக்கும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, இப்படிச் சமரசம் செய்துகொண்டவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தரக் கூடாது, விவசாயக் கடனுக்கு மட்டும் இது பொருந்தாது. என்னைக் கேட்டால், கடனிலேயே மூழ்கிக் கிடப்பவருக்கு ஒரு வருடம் கடன் கிடைக்காதது தண்டனையே இல்லை. ஆனால் ஒன்றிரண்டு வருடத்தில் வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் கஷ்டப்பட்டாவது முழுசாகக் கட்டுங்கள்.

கட்டுவதை நிறுத்தியதற்கும் செட்டில்மென்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வரும் தொல்லைக்கு: 2022 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் இழுத்து அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் தேதி, நேரம், எண் எல்லாம் குறித்து வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்). காசு செலவில்லை, வக்கீலும் தேவையில்லை.

"நாங்க பேசி முடிச்சித் தர்றோம்" என்று வரும் செட்டில்மென்ட் கம்பெனிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர்கள் சொல்லும் முதல் யோசனை "கட்டுறதை நிறுத்துங்க", இரண்டாவது "எங்க ஃபீஸை மாசாமாசம் கட்டுங்க". அவர்களோடு பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. நாலு மின்னஞ்சலை நீங்களே எழுதலாம்.

லோக் அதாலத் (சமரசமாகப் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தால் பலர் பயந்து போனை அணைத்துவிடுகிறார்கள். அது சம்மன் இல்லை, போகாவிட்டால் வாரன்டும் வராது. சொல்லப்போனால் செட்டில்மென்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, நீதித்துறையைச் சேர்ந்தவர் முன்னால் வங்கி ஆளும் நிதானமாகத்தான் பேசுவார். ஆனால் அங்கே கையெழுத்தாகும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. கட்ட முடியாத தொகைக்கு அன்றைய சூட்டில் தலையாட்டிவிட்டால் ஈடில்லாக் கடன் நேரே ஜப்தி வரை போகும்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்கி வங்கிக்குக் கட்டுவதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. 2003-ல் வந்த தமிழ்நாடு சட்டப்படி அது குற்றம், கொடுத்தவருக்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு.

கடைசியில் மஞ்சள் கடுதாசி. 1920-ம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான் மாவட்டங்களில் இன்னும் நடப்பு, சென்னை நகரத்துக்கு 1909-ம் ஆண்டுச் சட்டம். 2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே அமலுக்கு வந்தது. ஐ.பி. போட்ட உடனே கடனெல்லாம் தீர்ந்துபோச்சு என்று நினைப்பது தவறு. மனு ஏற்கப்பட்டுத் திவால் என்று அறிவிக்கப்பட்டால் உங்கள் சொத்து அஃபிஷியல் ரிசீவர் (சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடும் அதிகாரி) கைக்குப் போகும், தொழில் கருவிகளும் சமையல் பாத்திரங்களும் மாதிரி சில மட்டும் மிஞ்சும். பிறகு கடனிலிருந்து விடுவிப்பைத் தனியாக மனுப் போட்டு வாங்க வேண்டும். மனுவுக்கு முன்னால் அவசரமாக மச்சான் பேருக்கு எழுதி வைத்த நிலத்தை, இரண்டு வருடம் பின்னோக்கிப் பார்த்து நீதிமன்றம் ரத்து செய்யலாம். வீட்டுக்கடன் வங்கி தன் ஈட்டை விற்பதை ஐ.பி. தடுக்காது. பத்துப் பதினைந்து பேரிடம் புரோநோட்டில் வாங்கி, சொத்து ஒன்றும் இல்லாமல் நிற்பவருக்கு இது ஒரு நிஜமான வழி. இரண்டு கார்டும் ஒரு பெர்சனல் லோனும் வைத்திருப்பவருக்கு இது தேவையே இல்லை.

என் வரிசை இது: வருமானம் நிலையாக இருந்தால் முதலில் வங்கியிடம் தவணை மாற்றம், அது நடக்காவிட்டால் அளவாக நகை. வருமானம் பாதியாகிவிட்டால் வீட்டையும் நகையையும் காப்பாற்றிக்கொண்டு கார்டுகளைச் சின்னதிலிருந்து ஒவ்வொன்றாகச் செட்டில்மென்டில் முடிப்பது. எப்படி முடித்தாலும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்காமல் விடாதீர்கள், இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒன்று இலவசம். இன்னும் பாக்கி காட்டினால் புகார் போடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.