காதிரைச்சலுக்குச் சிவப்பு ஒளி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் 22 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். தறிகளுக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே இருந்தது. வேலையை விட்ட பிறகும் காதுக்குள் ஒரு சத்தம் தங்கிவிட்டது. அது தறியின் தடதடப்பு அல்ல. மழைக்கால இரவில் சில்வண்டு கத்துவதைப் போன்ற மெல்லிய, விடாத கீச்சொலி. பகல் வேலைகளுக்கிடையே மறந்திருக்கும் அது, விளக்கை அணைத்துப் படுத்ததும் அறை முழுவதும் நிறைந்துவிடும்.

கேட்புத்திறன் சோதனையில் இரண்டு காதுகளுக்குமான கோடுகளும் 4000 ஹெர்ட்ஸ் அருகே சட்டென்று பள்ளத்தில் இறங்கியிருந்தன. பல ஆண்டுகள் பேரிரைச்சலில் இருந்தவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் பள்ளம் அது என்றும், உள்காதில் அழிந்த மயிர்ச் செல்கள் மனிதர்களுக்கு மீண்டும் முளைப்பதில்லை என்றும், இதைத் தீர்க்கும் மாத்திரை எதுவும் இல்லை என்றும் மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாத்திரை இல்லை என்ற அந்தச் சொல்தான் என்னை வேறு வழிகளைத் தேட வைத்தது.

நான் வாங்கியது உள்ளங்கை அகலமுள்ள ஒரு பட்டை. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் தரும் எல்இடி விளக்குகள் அதில் கலந்து பொருத்தப்பட்டிருந்தன. முதல் நாள் பாதி விளக்குகள் எரியவில்லை என்றே நினைத்தேன். கைபேசிக் கேமரா வழியாகப் பார்த்தபோதுதான் அவை வெளிர் ஊதாவாக ஒளிர்வது தெரிந்தது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்கு ஏறக்குறையப் புலப்படாது. எனவே கண்ணுக்கு நேராக மட்டும் அந்தப் பட்டையைப் பிடிக்கக் கூடாது. ஒவ்வோர் இரவும் காதுக்குப் பின்னால் மேடாக இருக்கும் எலும்பின் மீது, ஒவ்வொரு பக்கமும் 15 நிமிடமும், பிறகு பிடரியில் 10 நிமிடமும் வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் இரைச்சல் அடங்கும் என்று விற்பனையாளர் உறுதியளித்திருந்தார். நான் என் நோட்டுப் புத்தகத்தையே நம்பினேன். இரவுதோறும் இரைச்சலுக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் எழுதினேன். அத்துடன், காதிரைச்சல் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்பதை 25 கேள்விகளால் அளந்து 100-க்கு மதிப்பிடும் படிவத்தையும் ஆடியாலஜிஸ்ட் (கேட்புத்திறனைச் சோதிக்கும் நிபுணர்) நிரப்பச் செய்தார். தொடக்கத்தில் 46 இருந்தது மூன்றாம் மாத முடிவில் 42 ஆனது. ஏழு புள்ளியாவது குறைந்தால்தான் அதை மாற்றம் என்று எண்ணலாம் என்றார் அவர். ஆனால் தூக்கம் மேம்பட்டிருந்தது, நோட்டிலும் 7 என்பது 6 ஆகியிருந்தது. ஆகவே ஒளிதான் காரணம் என்று மனமார நம்பினேன்.

ஏழாம் மாதம் அடாப்டர் பழுதாகி, மாற்று வந்து சேர 26 நாள்கள் ஆயின. அந்த நாள்களிலும் பழகிய நேரத்தில் விளக்கை அணைத்து, கைபேசியை ஒதுக்கிவைத்து, அரை மணி நேரம் சாய்ந்திருந்தேன். பின்னர் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் 6, 6, 5, 6 என்றே எண்கள் தொடர்ந்திருந்தன. தூக்கமும் கெடவில்லை. பட்டை வைத்த நாள்களில் தளர்ந்திருந்த பிடரி இறுக்கம் ஒன்றுதான் திரும்பி வந்தது.

இதற்குரிய காரணத்தைப் பிறகு படித்தறிந்தேன். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த அலைநீளங்களை உறிஞ்சி ஆற்றல் உற்பத்தியைக் கூட்டும் என்ற விளக்கம் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அது வெறும் கதை அல்ல. ஆனால் உள்காது, உடலிலேயே மிகக் கடினமான எலும்புகளுள் ஒன்றுக்குள் புதைந்திருக்கிறது. தோலும் இரத்தமும் எலும்பும் உறிஞ்சியும் சிதறடித்தும் விட்ட பிறகு அங்கே போய்ச் சேரும் ஒளி மிகச் சொற்பம். காதுத் துளை வழியாக லேசரைச் செலுத்திய சோதனைகளிலும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பலன் தெரிந்தது, வேறு சிலவற்றில் ஒளி வராத போலிக் கருவிக்கும் உண்மைக் கருவிக்கும் வேறுபாடே இல்லை.

ஒன்பதாம் மாதம் காது மெஷின் பொருத்திக்கொண்டேன். மறுநாள் காலையில் அடுப்படியில் கடுகு பொரியும் ஓசை கூடம் வரை கேட்டது. எத்தனையோ ஆண்டுகளாக அதைக் கேட்டதில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. வெளியிலிருந்து வரும் மெல்லிய ஒலிகள் திரும்பக் கிடைக்கும்போது உள்ளிருக்கும் இரைச்சல் அவற்றிடையே அமிழ்ந்துபோகிறது. பதினான்காம் மாதம் அதே படிவத்தில் என் மதிப்பெண் 28.

இந்தக் கருவியை வாங்க எண்ணுவோரிடம் அழுத்தமாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலோ, ஒரே காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து அது ஒலித்தாலோ, விளக்கு எதையும் வாங்காமல் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதே பெரிதும் உதவும். மூன்று மாதம் பட்டையை வைத்துப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

புது அடாப்டருடன் பட்டை இப்போதும் நன்றாக எரிகிறது. வாரம் இரண்டு நாள் பிடரிக்கு வைத்துக்கொள்கிறேன். அங்கே அதன் இளஞ்சூடு இதமாக இருக்கிறது. காதுக்கு வைப்பதில்லை.