பன்றிக்குட்டிக்கு எந்தக் கொட்டகை? பொன்னையில் ஏழு வருட அனுபவம்

வேலூர்ப் பக்கம் பொன்னை ஆற்றை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கடலை, நெல், கரையோரம் தென்னை. 2018 தை மாதம் அதன் ஒரு மூலையில் கொட்டகை போட்டு, ஆறு வெண்பன்றிகளோடு பண்ணை தொடங்கினேன். லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் இனம். முதலில் ஈற்றுக்கு இரும்புக் கூண்டு வைத்திருந்தேன். அப்புறம் கூண்டே இல்லாத அறை. இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு. மூன்றிலும் குட்டிகள் எப்படி இருந்தன என்பதைத்தான் எழுதுகிறேன். கொட்டகை கட்டுகிறவர்கள் சிமெண்ட் கலக்கும் முன் இதைப் படித்தால் நல்லது.

கூண்டு ஏழு அடி நீளம், இரண்டடி அகலம். தாய் நிற்கலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. குட்டிகளுக்கு இரண்டு பக்கமும் ஓடுகிற இடம். 200 கிலோ தாய், ஒன்றேகால் கிலோ குட்டி. தாய் சட்டென்று சாய்ந்தால் குட்டி நசுங்கிவிடும். நசுங்கிச் சாவதில் பெரும்பகுதி முதல் மூன்று நாளில்தான் நடக்கும். கம்பி இருந்தால் தாய் மெதுவாகத்தான் படுக்க முடியும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அது உண்மை. கூண்டில் எனக்கு நசுங்கிய குட்டிகள் குறைவுதான்.

ஆனால் ஈனுவதற்கு முந்தைய இரவு நான் பார்த்தது வேறு. பன்றிக்கு 114 நாள் சினை. அந்தக் கடைசி நாளில் எந்தத் தாய்ப்பன்றியும் கூடு கட்டத் துடிக்கும். கூண்டில் வைக்கோல் ஏது? என் முதல் பன்றி வெறும் சிமெண்டை முன்காலால் பறித்துக்கொண்டே இருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து வாயோரம் நுரை தள்ளியது. பண்ணையில் வேலை பார்க்கும் ஆயா பார்த்துவிட்டு, "இன்னாப்பா, குட்டி போடப்போற உசுரு, திரும்பி வயித்தப் பாக்கக்கூட எடமில்லாம நிக்க வச்சிக்கீற?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. விடியற்காலை பிறந்த முதல் குட்டி தாயின் பின்னால் ஈரத்தோடு கிடந்தது. தாயால் அதை மோந்துகூடப் பார்க்க முடியவில்லை.

அடுத்து முழங்கால். கூண்டுக்கு அடியில் சொரசொரப்பான சிமெண்ட் தரை. காம்பைப் பிடிக்கக் குட்டிகள் முன்னங்காலை மடக்கி முட்டிமோதும். மூன்றாவது நாள் பார்த்தால் முழங்காலில் முடியே இல்லை, சிவந்திருந்தது. ஐந்தாவது நாள் பொருக்கு. ஒன்றுக்கு அந்தப் புண் வழியாகச் சீழ் வைத்து, மூட்டு எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. நொண்டுகிற குட்டி காம்புக்கு முந்த முடியாது. காம்பு பிடிக்க முடியாதது இளைத்துக்கொண்டே போகும். அந்த ஈற்றில் இரண்டு குட்டி அப்படித்தான் போனது. நசுங்காமல் காப்பாற்றிய குட்டியைத் தரைக்குப் பலி கொடுத்தது இன்றும் மனசை உறுத்துகிறது.

2020இல் கூண்டுகளைக் கழற்றினேன். பத்தடிக்கு எட்டடி அறை. சுவரிலிருந்து ஒன்பது அங்குலம் தள்ளி, தரையிலிருந்து ஒன்பது அங்குல உயரத்தில் சுற்றிலும் இரும்புக் குழாய். தாய் சுவரோடு சரிந்தாலும் குழாய்க்குப் பின்னால் குட்டி தப்பிக்கும். ஒரு மூலையில் தாய் நுழைய முடியாத குட்டியறை. உள்ளே பல்பு, கோணிப்பை, வைக்கோல். தரையெல்லாம் வைக்கோல்.

வித்தியாசம் முதல் ஈற்றிலேயே தெரிந்தது. முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து தாய் வாய் நிறைய வைக்கோல் கவ்வி மூலைக்குக் கொண்டு போனது. சாயங்காலத்துக்குள் நடுவில் பள்ளமாக ஒரு கூடு. அப்புறம் அமைதியாகப் படுத்துவிட்டது. குட்டி போட்ட பிறகு படுக்கும் முன் மூக்கால் வைக்கோலைத் தள்ளி, தொண்டையில் ஒரு உறுமல் கொடுத்து, குட்டிகள் விலகியதும் முன்காலை மடக்கி மெல்லச் சரிந்தது. கூண்டில் இதைச் செய்ய அதற்கு இடமே கொடுத்ததில்லை.

எல்லாத் தாயும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலைஈற்றுப் பன்றி ஒன்று பயத்தில் எழுந்து எழுந்து படுத்தது. முதல் இரவிலேயே மூன்று குட்டி போய்விட்டது. கூண்டை எடுத்தால் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குப் பிறகுதான் பக்கக் கம்பி கதவு போலத் திறக்கிற கூண்டு ஒன்று செய்தேன். தலைஈற்றுக்கும் பதற்றப்படுகிற தாய்க்கும் மட்டும், கூடு கட்டி முடித்துக் குட்டி போட்ட பிறகு மூன்று நாள் மூடுவேன். நான்காம் நாள் காலை திறந்துவிடுவேன். ஸ்வீடன், நார்வே, சுவிட்சர்லாந்தில் ஈற்றுக்கூண்டை வழக்கமாகப் பயன்படுத்தவே தடை. நான் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

நம்ம ஊர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறந்த குட்டிக்கு 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். தாய்க்கு 20 டிகிரி பக்கம் இருந்தால்தான் சுகம். ஒரே அறையில் இரண்டும் எப்படி? அதனால்தான் குட்டியறை. கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் 40ஐத் தாண்டும்போது பல்பு தேவையே இல்லை, தாய்தான் தவிக்கும். பன்றிக்கு வேர்த்து உடம்பு ஆறாது. மூச்சிரைக்கிற தாய் தீனி எடுக்காது, பால் வற்றும், குட்டி கத்தும். தகரக் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து மேலே தென்னங்கீற்று போட்டேன். மத்தியானம் தாயின் கழுத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி குழாய் வைத்தேன். குட்டியறை நனையக் கூடாது. மார்கழி ராத்திரியில் நேர்மாறு. தெர்மாமீட்டரை விட குட்டிகளைப் பார்ப்பதுதான் சரி. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். பல்பை விட்டு ஒதுங்கினால் சூடு. பக்கத்தில் பக்கத்தில் ஒருக்களித்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது.

இன்னொன்று, மூத்திர வாடை. நிற்கிற உயரத்தில் மூக்குக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்து, குட்டியின் மூக்கு இருக்கிற உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிஷம் இருங்கள். கண் எரிந்தால் அன்றே வைக்கோலை மாற்றுங்கள். வேலை கூடத்தான் செய்யும். கழிவுக் கால்வாயில் வைக்கோல் அடைத்துக்கொள்வதும் தினப்படி தலைவலி. அதற்காக ஆயாவுக்கு ஒரு மணி நேர வேலை கூடி, கூலியும் கூட்டினேன்.

பால் மறக்கடிப்பதில் ஆரம்பத்தில் பெரிய தப்பு செய்தேன். மூன்று ஈற்றுக் குட்டிகளை ஒரே நாளில் ஒரே அறையில் விட்டேன். ராத்திரி முழுக்கச் சண்டை, காதெல்லாம் கீறல், இரண்டு வாரத்தில் வாலைக் கடிக்க ஆரம்பித்துவிட்டன. வாலை வெட்டிவிடு என்றார்கள். வெட்டவில்லை. இப்போது இரண்டாவது வாரத்திலேயே பக்கத்து அறைக்கு நடுவில் சின்னத் திறப்பு விடுகிறேன். தாய்ப்பால் இருக்கும்போதே குட்டிகள் பழகிவிடுகின்றன. ஆறாவது வாரம் தாயை மட்டும் வேறு அறைக்கு மாற்றி, குட்டிகளைப் பழகின இடத்திலேயே விடுகிறேன். கடலைக்கொடியைக் கட்டித் தொங்கவிட்டால் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும், வால் பக்கம் போகாது. மழையில் நனைந்து கறுத்த கொடி மட்டும் வேண்டாம். பூசண நச்சைப் பன்றி தாங்காது.

முற்றத்தில் செம்மண் கொட்டியிருக்கிறேன், குட்டிகள் முதல் நாளே முகத்தைப் புதைக்கும். மண்ணிலிருந்து கொஞ்சம் இரும்புச்சத்து கிடைக்கும். ஆனாலும் மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசியை விட்டதில்லை, தாய்ப்பாலில் அது போதாது.

போன மாதம் இன்னும் இரண்டு அறைக்கு அஸ்திவாரம் போட்டேன். இரண்டிலும் குழாய், குட்டியறை, முற்றம் உண்டு. தரையை மட்டும் கொத்தனார் மட்டக்கோல் இழுத்த பிறகு நானே உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்துத்தான் விட்டேன்.