லகூன் - ஏலியன் வந்தா மொதல்ல மீனுக்குத்தான் விடியுது

ஏலியன்னா நியூயார்க்லயோ லண்டன்லயோதான் வந்து எறங்கணுமா என்ன, நெடி ஒகோராஃபோர் எழுதின இந்த நாவல்ல அவங்க வர்றது நைஜீரியால, லாகோஸ் நகரத்து பார் பீச் பக்கத்துல, அதுவும் கடலுக்குள்ள. டிஸ்ட்ரிக்ட் 9ங்கிற ஏலியன் படத்துல நைஜீரியாக்காரங்கள காட்டின விதம் பிடிக்காம போய்தான் இத எழுத ஆரம்பிச்சேன்னு அவங்களே சொல்லிருக்காங்க. படம் 2009, புத்தகம் 2014.

கதையில கடல் ஆராய்ச்சி பண்ற அடாவோரா, ராணுவத்துல இருக்கிற அகு, கானால இருந்து வந்த ராப் பாடகர் ஆன்தனின்னு மூணு பேர் இருக்காங்க, அவங்கள சுத்திதான் எல்லாம் நடக்கும், ஆனா எனக்கு மனசுல நின்னது மனுசங்க இல்ல. புத்தகம் தொறக்குறதே ஒரு வாள்மீனோட பார்வைலதான், ஆயில் பைப்ப பாத்தாலே அதுக்கு ஆத்திரம், மூக்காலயே குத்திக் கிழிக்குது. அப்புறம் ஏலியனுங்க வந்து கடல்ல இருக்கிற ஒவ்வொண்ணுகிட்டயும் உனக்கு என்ன வேணும்னு கேக்குறாங்க, மீன் இன்னும் பெருசா பலமா ஆகணும்னு கேக்குது, ஆகுது. கடல் சுத்தமாயிடுது, ஆனா அது மனுசன் எறங்குற கடலே இல்ல இப்போ. பொதுவா உலகமே நல்லதா மாறிடுற பொன்னுலகக் கதைன்னா மனுசனுக்கு என்ன நல்லது நடந்துச்சுன்னுதான் கணக்கு பாப்பாங்க, இதுல மீன்தான் மொதல்ல வரிசைல நிக்குது, எண்ணெய நம்பி வாழ்ற நாடு அதுக்கப்புறம் என்ன பண்ணும்ங்கிறதெல்லாம் பின்னாடிதான்.

லாகோஸ்-பெனின் எக்ஸ்பிரஸ்வே வர்ற பகுதி செம்ம. விபத்துக்கு பேர் போன ரோடு அது, இங்க அதுவே உயிரோட எழுந்து ஆள முழுங்குது! உருவகம் எல்லாம் இல்ல, நிஜமாவே ரோட்டுக்கு பசிக்குது. நகரத்துக்கு அடில உடிடேன்னு ஒரு பெரிய சிலந்தி உக்காந்து இந்தக் கதையவே பின்னிட்டிருக்கு, மாமி வாட்டா, லெக்பான்னு மேற்கு ஆப்பிரிக்க சாமிங்க எல்லாம் தலை காட்டுறாங்க. சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல சாமிக்கு என்ன வேலைன்னு ஒரு வரி கூட விளக்கம் கிடையாது, அங்க அது அப்படித்தான்னு போயிட்டே இருக்காங்க, அந்த தைரியம் பிடிச்சிருந்துச்சு.

குறைன்னா பாதிக்கு மேல ஆளுங்க ரொம்ப ஜாஸ்தி. யாரோ ஒருத்தர் வந்து ஒரு அத்தியாயம் பேசிட்டு காணாம போயிடுறாங்க, பாதிரியார் ஒருத்தர் வர்ற பகுதி கொஞ்சம் கார்ட்டூன் மாதிரி இருக்கு, ஏலியன் தூதரா வர்ற அயோடெலேவோட முடிவும் (சொல்ல மாட்டேன்) இன்னும் நிதானமா வந்திருக்கலாம், சட்டுனு எல்லாருக்கும் நல்ல புத்தி வந்த மாதிரி ஆயிடுச்சு. லாகோஸ்ல கலவரம் நடக்குற பக்கங்கள அவ்ளோ நம்புற மாதிரி எழுதிட்டு கடைசில இப்படி பண்ணது ஏமாத்தம்தான்.

பேச்செல்லாம் நெறைய பிட்ஜின் இங்கிலீஷ் (உள்ளூர் மொழி கலந்த பேச்சு இங்கிலீஷ்), கடைசில சொற்பட்டியல் இருக்கு, அதனால பேப்பர்ல வாங்குறது பெட்டர், கிண்டில்ல முன்னாடி பின்னாடி போறது கடுப்பு. 5க்கு 3.5.