38,500 ரூபாயும் ஒரு டப்பா பார்லி மால்ட்டும்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நாகர்கோவிலில் அலர்ஜிக்கும் வயிற்றுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கிற ஒரு தனியார் கிளினிக்கில் 38,500 ரூபாயைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பெயர் போடவில்லை.

எனக்கு சீலியாக். கோதுமை மாதிரிச் சில தானியங்களில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாழாக்குகிற நோய். மூன்று வருஷத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, பயாப்ஸி எல்லாம் பார்த்து உறுதியானது. கோதுமை, பார்லி, ரை என்கிற தானியம், மூன்றும் வாழ்நாள் முழுக்கக் கூடாது. அது போதாதென்று இறால் பட்டால் உதடு வீங்கி மூச்சுத் திணறும். ஒவ்வொரு தடவையும் ரயில் ஏற முடியாதே என்று தக்கலை, மார்த்தாண்டம் பக்கமே டாக்டர் தேடினேன். ஒருவர், "அது வடநாட்டுக்காரங்களுக்கு வர்றதுல்லா?" என்றார். இன்னொருவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பாத்தி தின்று பழகச் சொன்னார். மூன்றாமவர் தூக்க மாத்திரை எழுதினார்.

அப்படி அலைந்த நேரத்தில்தான் இந்த நாகர்கோவில் கிளினிக் டாக்டர் கிடைத்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்பது நிமிஷம் கேட்டார். பழைய ரிப்போர்ட்டைத் தாள் தாளாகப் புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, "மக்களே, உனக்கு மனப்பிரமை ஒண்ணும் இல்ல. நீ சொல்றது அவ்வளவும் உள்ளதுதான்" என்றார். அழுதுவிட்டேன். அந்த நேரத்தில் வளையலைக் கேட்டிருந்தாலும் கழற்றிக் கொடுத்திருப்பேன். 200 உணவுக்கு ரத்தப் பரிசோதனை 14,000, ஆறு மாசக் 'குடல் சீரமைப்பு' பேக்கேஜ் 24,500. அப்போதுதான் சீட்டு எடுத்திருந்தோம். 38,500 ரூபாயையும் மொத்தமாக எண்ணி வைத்தேன்.

ரிப்போர்ட் சிவப்பும் பச்சையுமாக வந்தது. அரிசி சிவப்பு. தேங்காய் சிவப்பு. மரச்சீனி சிவப்பு. (இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் நம்ம ஊர் அடுக்களையில் அப்புறம் என்ன இருக்கு?) இறால் மட்டும் பச்சை, தாராளமாகச் சாப்பிடலாமாம்! அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். அந்தப் பரிசோதனை பார்ப்பது ஐஜிஜி என்ற ஒரு வகை எதிர்ப்புப் புரதத்தை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அது நாம் வழக்கமாகச் சாப்பிடுகிற எதற்கும் ரத்தத்தில் இருக்கும், அலர்ஜிக்கு அடையாளமே இல்லை. உதட்டை வீங்க வைப்பது ஐஜிஈ என்ற வேறொரு வகை. நான் இறாலைத் தொட்டே பல வருஷம் ஆகிறது, பச்சையாக வராமல் என்ன செய்யும்?

பேக்கேஜில் ஒரு பொடி. காலையும் மாலையும் வெந்நீரில் இரண்டு ஸ்பூன். மூன்றாவது வாரம் வாய் முழுக்கப் புண், வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. போன் பண்ணினால் ரிசப்ஷன் பிள்ளை, "அக்கா, உள்ள கெடக்க விஷம் வெளிய போகுது, நிறுத்திராதீங்க" என்றது. அதையும் நம்பி இன்னும் ஆறு நாள் குடித்தேன். பிறகு டப்பாவை உற்றுப் பார்த்தேன். கிளினிக் ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு லேபிள் தெரிந்தது. ஈரத்துணியால் நனைத்து நகத்தால் சுரண்டினேன். மூன்றாவது வரியில் பார்லி மால்ட்.

டப்பாவோடு போனேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "பார்லி கோதுமை இல்லல்லா?" என்கிறார் டாக்டர். சீலியாக்காரியிடம்! பணம் கேட்டதற்கு, "பேக்கேஜ் திருப்பித் தர்றதில்ல, பில்லுக்குப் பின்னாடி எழுதியிருக்கு." எனக்குத் தந்தது ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு, அதன் பின்னால் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் பதினொரு தடவை கூப்பிட்டுவிட்டேன். டாக்டர் மீட்டிங்கில் இருக்கார், டாக்டர் வெளியூர் போயிருக்கார். இப்போது எடுப்பதே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

நல்ல டாக்டரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. சீலியாக் சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்தும் முன்பே டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை எடுங்கள், நிறுத்திவிட்டு எடுத்தால் இல்லை என்றே வரலாம். "பார்லிக் கஞ்சி குடிக்கலாமா டாக்டர்?" என்று ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டுப் பாருங்கள். சரி என்று தலையாட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். டாக்டரே விற்கிற பொடி வேண்டாம். கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் மைதா உண்டு, லேபிளைப் பாருங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

38,500 ரூபாய். சீட்டுத் தவணை இன்னும் எட்டு மாசம் கட்ட வேண்டியிருக்கிறது.