குளிர்காலத்தில் கூரைக்கடியில் சாஃப்ட்பால்: ஒரு கேட்சரின் அம்மா பார்த்தவரை

சிகாகோ புறநகரில் நவம்பர் பிறந்தால் மைதானங்களைப் பூட்டிவிடுவார்கள். மார்ச் கடைசி வரை, சில வருடம் ஏப்ரல் பாதி வரைகூட, மண் காயாது. நடுவில் வரும் மாதங்களில் பெண் பிள்ளைகளின் டிராவல் சாஃப்ட்பால் அணிகளுக்கு, அதாவது பேஸ்பால் மாதிரியான இந்த ஆட்டத்தை ஊர் ஊராகப் போய் ஆடும் அணிகளுக்கு, கூரைக்கடிதான் கதி. என் மகள் 10 வயதுப் பிரிவில் ஆரம்பித்து இப்போது 14 வயதுப் பிரிவில் கேட்சராக, பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிறவளாக, இருக்கிறாள். இத்தனை குளிர்காலங்களாக இல்லினாய், இண்டியானா, விஸ்கான்சின் பக்கம் விதவிதமான உள்ளரங்குகளில் அலுமினியப் படிகளில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: பிள்ளையைத் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் கோப்பைக்காக அனுப்பாதீர்கள். பணம் கட்டும் முன் எந்த மாதிரி இடம் என்று விசாரித்துவிடுங்கள்.

"சாஃப்ட்பாலை உள்ளே ஆடுவதா?" என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். இந்த ஆட்டம் பிறந்ததே கூரைக்கடியில்தான், அதுவும் இதே சிகாகோவில். 1887ஆம் வருடம் தேங்க்ஸ்கிவிங் நாளில் ஃபாரகட் போட் கிளப்பில் ஹார்வர்ட் – யேல் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கன் ஃபுட்பால் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். யேல் ஜெயித்த செய்தி வந்ததும் குஷியில் ஒருவர் பாக்ஸிங் கிளவுஸைத் தூக்கி எறிய, இன்னொருவர் கையிலிருந்த கம்பால் அதைத் திருப்பி அடித்தார். பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹான்காக் அந்தக் கிளவுஸையே பந்தாகக் கட்டி ஓர் ஆட்டத்தை உருவாக்கிவிட்டார். வெளி மைதானத்துக்கு அது போனதெல்லாம் அப்புறம்தான்.

சரி, இடங்களுக்கு வருவோம். முதல் வகை, காற்றடைத்த டோம். வெள்ளைத் துணிக் கூரையைத் தூணே இல்லாமல் காற்றழுத்தம் மட்டுமே தாங்கி நிற்கும். ராட்சத விசிறிகள் ஓயாமல் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். அழுத்தம் வெளியேறக் கூடாது என்பதால் சுழல் கதவு வழியாகத்தான் போக வேண்டும். கேட்சரின் பையை அந்தச் சுழல் கதவில் நுழைப்பது தனிக் கலை. ஹெல்மெட், மார்புக் கவசம், காலுக்குக் கட்டும் லெக்கார்ட், இரண்டு பேட், மிட் எனும் தடித்த கையுறை எல்லாம் அடங்கிய அந்தச் சக்கரப் பை ஒரு தடுப்பிலும் நாம் அடுத்த தடுப்பிலும் மாட்டிக்கொள்வோம். பின்னால் வரும் எதிரணிக் குடும்பமே பொறுமையாக நின்று நம்மைப் பார்க்கும். அவசரக் கதவைத் தப்பித் தவறித் திறந்தால் காற்றே ஆளை வெளியே தள்ளிவிடும்.

ஆட்டத்துக்கு டோம் நல்ல இடம். உயரம் தாராளம், ஒரே கூரைக்குள் இரண்டு மூன்று களங்கள் அமைக்கலாம். ஆனால் உள்ளே கதகதப்பாக இருக்கும் என்று நம்பி மெல்லிய ஸ்வெட்டரோடு போகாதீர்கள், நடுங்குவீர்கள். பனி உருகும் நாட்களில் மேல் துணியில் கோத்த ஈரம் தலையில் சொட்டும். கனத்த பனி விழுந்த நாளில் கூரையை அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாது. 2010 டிசம்பரில் மினியாபோலிஸ் மெட்ரோடோமின் துணிக்கூரை பனிப்பாரம் தாங்காமல் கிழிந்து சரிந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு என் பயம் புரியும். விசாரித்தவரை, நல்ல நிர்வாகம் பனி வரும் என்று தெரிந்ததுமே உள் அழுத்தத்தையும் சூட்டையும் ஏற்றிவிடுகிறது.

இரண்டாவது வகை, இரும்புச் சட்டம் போட்ட பெரிய கட்டடம். சூடு சீராக இருக்கும், கழிப்பறை ஒழுங்காக இருக்கும், எனக்குப் பிடித்தது இதுதான். மகளுக்குப் பிடிக்காது. உயர அடித்த பந்து உத்தரத்துக்கும் விளக்குகளுக்கும் நடுவே காணாமல் போய்விடும் என்பாள். மஞ்சள் பந்து வெள்ளைத் துணிக்கு எதிரே தெரிகிற அளவுக்கு அங்கே தெரிவதில்லை.

மூன்றாவது, பேட்டிங் பயிற்சிக்காகப் பழைய கிடங்கை மாற்றிய இடம். பயிற்சிக்குச் சரி. டோர்னமென்ட் வைத்தால் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். அப்படி ஓரிடத்தில் மூன்றாம் பேஸுக்கும் (ஓடுகிறவர் தொட வேண்டிய மூன்றாவது இடம்) பெற்றோர் நாற்காலிகளுக்கும் நடுவே இடுப்புயர வலைதான் இருந்தது. 12 வயதுப் பிரிவிலேயே அடித்த பந்து தீயாகப் பறக்கும். கைக்குழந்தையோடு ஒரு பாட்டி அங்கே உட்கார்ந்திருந்தார். நாங்கள் நாலைந்து பேர் போய்ச் சொன்ன பிறகுதான் நாற்காலிகளைப் பின்னால் நகர்த்தினார்கள். பெயர் வேண்டாம். எந்த இடமானாலும் பார்வையாளர் முன் வலை எவ்வளவு உயரம் என்று முதலில் கேளுங்கள்.

தரை எல்லா இடத்திலும் செயற்கைப் புல்தான். இடையே தூவிய கறுப்பு ரப்பர் மணிகள் சாக்ஸிலிருந்து வாஷிங் மெஷினுக்கும், அங்கிருந்து என் வெள்ளைத் துண்டுகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. ஷூவைக் காரில் ஏறும் முன்பே தட்டச் சொல்லுங்கள். இரும்பு முள் ஷூ அனுமதி இல்லை, ரப்பர் குமிழ் வைத்த டர்ஃப் ஷூ வேண்டும். பேஸை நோக்கித் தரையில் சறுக்கி ஸ்லைட் செய்தால் முழங்கால் தோல் தீப்பட்டதுபோல உரிகிறது. நீளமான பேன்ட், உள்ளே ஸ்லைடிங் ஷார்ட்ஸ் இரண்டும் கட்டாயம். பந்து வீசும் பிட்சரின் வீட்டாருக்கு இன்னொன்று: பிட்சிங் இடத்தில் விரிக்கும் பாய் சில இடங்களில் நகர்கிறது. இழுத்து வரும் கால் அதன் ஓரத்தில் தடுக்கும். முதல் ஆட்டத்துக்கு முன் கோச் அதை மிதித்துப் பார்த்தாரா என்று கவனியுங்கள்.

ஸ்கோரை ஏன் பொருட்படுத்த வேண்டாம் என்கிறேன்? வெளியே ஏழு இன்னிங்ஸ் (இரண்டு அணியும் ஒவ்வொரு முறை பேட் செய்தால் ஓர் இன்னிங்ஸ்). உள்ளே ஒரு மணி நேரம், மிஞ்சினால் எழுபத்தைந்து நிமிடம். மூன்று நான்கு இன்னிங்ஸ் போனால் அதிகம். சில இடங்களில் நேரம் மிச்சமாகட்டும் என்று ஒரு பால் (தவறான வீச்சு), ஒரு ஸ்ட்ரைக் (பேட்டர் தவறவிட்ட சரியான வீச்சு) ஏற்கெனவே ஆனதாக வைத்த கணக்கோடுதான் பேட்டரை நிற்கவைக்கிறார்கள். பேஸ்களைத் தாண்டியுள்ள அவுட்ஃபீல்ட் சின்னது, அடித்த பந்து வலையில் பட்டால் இரண்டு பேஸ் என்று அந்த இடத்துக்கென்று ஒரு விதி இருக்கும். கேட்சர் தவறவிட்ட பந்து பின்னாலுள்ள தடுப்பில் மோதி அவள் காலடிக்கே திரும்பி வரும், ஓட நினைத்தவள் பேஸிலேயே நிற்பாள். ஒரு ஜனவரியில் என் மகளை எல்லாரும் ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். ஏப்ரலில் தடுப்பு இருபத்தைந்து அடி பின்னால் போனதும் புகழும் கூடவே போய்விட்டது. புல்லில் சொன்னபடி எழும்பிய பந்து மண்ணில் கன்னத்துக்கு வந்தது. பேஸ்களை ஒட்டிய இன்ஃபீல்டில் நிற்கிறவர்கள் முகக்கவசத்தைக் குளிர்காலத்தோடு கழற்றி வைத்துவிடக் கூடாது.

ஆனாலும் அனுப்புகிறேன், காரணம் பிட்சர்களும் கேட்சர்களும். 12லிருந்து 14 வயதுப் பிரிவுக்குப் போகும்போது பிட்சிங் தூரம் 40 அடியிலிருந்து 43 அடியாகிறது. அந்த மூன்றடியைப் பிட்சரின் கையும் பேட்டரின் கண்ணும் பழக, உண்மையான பேட்டர் எதிரே நிற்க வேண்டும். வீட்டு கராஜில் அது நடக்காது. எங்கள் பிட்சருக்கும் என் மகளுக்கும் சைகை சரியாகப் படிந்தது ஒரு டோமில்தான். அலுமினியம் இல்லாத, கலப்புப் பொருளில் செய்த காம்போசிட் பேட்டுக்கும் கூரைக்கடியில் ஆடுவது பாதுகாப்பு. குளிரில் அடித்தால் விரிசல் விடும், விலையோ முந்நூறு நானூறு டாலர். ராத்திரி அதைக் காரில் விட்டுவிட்டு வராதீர்கள்.

பெற்றோர் பாட்டையும் கொஞ்சம் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் ஆளுக்குப் பத்து டாலர் போல, பல இடங்களில் கார்டு மட்டும்தான். வெளிச் சாப்பாடு கூடாது, சூயிங்கம், சூரியகாந்தி விதை கூடவே கூடாது, புல்லிலிருந்து பொறுக்க முடியாதாம். நாங்கள் எலுமிச்சை சாதத்தைக் காரிலேயே வைத்து, ஆட்டங்களுக்கு நடுவே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடுவோம். உள்ளே விற்கும் நாச்சோஸை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். அணி உட்காரும் டக்அவுட்டில் பிள்ளைகள் போடும் பாட்டும் கூச்சலும் டோமுக்குள் எதிரொலித்து மண்டையைப் பிளக்கும். அம்பயர் சொல்வது காதில் விழாது, கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னத் தம்பி தங்கைகளைக் கூட்டிப் போனால் காதுக்கு ஹெட்ஃபோன் மாதிரி ஏதாவது மாட்டிவிடுங்கள்.

எனக்கு நிஜமாகவே எரிச்சலூட்டுவது கழிப்பறை. இந்த அரங்குகள் பெரும்பாலும் சாக்கர் (கால்பந்து) கணக்கில் கட்டியவை. அதில் எட்டு அணிப் பெண் பிள்ளைகளும் அவர்களின் அம்மாக்களும் வந்து இறங்கினால் வரிசை நடைபாதை வரை நீளும், பக்கத்து ஆண்கள் பகுதி காலியாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு இரண்டு ஆட்டத்துக்கு நடுவே பதினைந்து நிமிடம்தான். ஓரிடத்தில் அமைப்பாளரிடம் பேசி ஆண்கள் பகுதி ஒன்றை அன்றைக்கு மட்டும் பெண்களுக்கு மாற்றவைத்தோம், ஒரு தாளில் எழுதி ஒட்டியதோடு வேலை முடிந்தது. அதனால் வலையின் உயரத்துக்கு அடுத்தபடியாக நான் கேட்கும் கேள்வி, பெண்களுக்கு எத்தனை கழிப்பறை என்பதுதான். அப்புறம், ஆட்டங்களுக்கு நடுவே எத்தனை மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கும் என்றும் கேளுங்கள். காலை எட்டுக்கு ஓர் ஆட்டம், மாலை ஐந்துக்கு இன்னொன்று என்று போடுகிறவர்களிடம் இந்தக் குளிர்காலம் எங்கள் அணி பதிவு செய்யவில்லை.