‘ஃபயர் அண்ட் கிரேஸ்’: நடன இசைக்குத் திரும்பிய செல்லோ

ஸ்காட்லாந்தின் ஃபிடில் (நாட்டார் இசையில் வயலினுக்கு வழங்கும் பெயர்) கலைஞர் அலஸ்டேர் ஃப்ரேசரும் அமெரிக்கச் செல்லோ கலைஞர் நட்டாலி ஹாஸும் இணைந்து 2004இல் வெளியிட்ட இந்த இசைத்தொகுப்பில், வயலின் குடும்பத்தின் பெரிய, தாழ்குரல் கருவியான செல்லோ வெறும் பக்கத்துணையாக ஒதுங்கி நிற்கவில்லை. நாட்டார் நடன இசைக்கு வேண்டிய தாளத்தையும் அடித்தளச் சுரங்களையும் அந்த ஒரே கருவி சுமப்பதுதான் இதை நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம்.

இந்தச் சேர்க்கையைப் புதுமை என்பதைவிட மீட்பு என்பதே பொருந்தும். 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் நடனத்துக்கு ஃபிடிலும் செல்லோவும் சேர்ந்து ஒலிப்பது வழக்கமாக இருந்தது. புகழ்பெற்ற ஃபிடில் கலைஞர் நீல் கௌவுக்கு (1727–1807) அவருடைய சகோதரர் டொனால்டு செல்லோ வாசித்தார். டேவிட் ஆலன் 1780இல் தீட்டிய மலைநாட்டுத் திருமண ஓவியத்தில் இருவரும் அருகருகே அமர்ந்து வாசிக்கிறார்கள். பிற்காலத்தில் பியானோவும் அக்கார்டியனும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஹாஸ் அதை மீட்கும் விதம் கூர்ந்து கேட்கத்தக்கது. வில்லின் கைப்பிடிப் பக்கத்தைத் தந்திகளின்மேல் செங்குத்தாக இறக்கி, சுரமே இல்லாத ஒரு வெட்டொலியை எழுப்பும் ‘சாப்’ என்னும் உத்தியை அவர் தாளத்தின் இரு அடிகளுக்கு நடுவே வைக்கிறார். 1960களில் ப்ளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டார் இசைவகையின் ஃபிடில் கலைஞர் ரிச்சர்ட் கிரீன் உருவாக்கிய இந்த உத்தி, ஆழ்ந்த மரக்கூடு கொண்ட செல்லோவில் ஏறக்குறைய ஒரு தோல்கருவியாகவே ஒலிக்கிறது. குறுகிய சுரம் முன்னும் நீண்ட சுரம் பின்னுமாகத் துள்ளும் ஸ்ட்ராத்ஸ்பே என்னும் ஸ்காட்லாந்து நடன மெட்டுகளில் அவர் அந்தத் துள்ளலை அப்படியே பின்பற்றாமல், நீண்ட சுரத்தின் அடியில் மட்டும் ஒரு கனத்தைத் தந்துவிட்டு விலகிக்கொள்கிறார். ஆடுபவரின் கால் எங்கே ஊன்ற வேண்டும் என்பதைக் காதே உணர்ந்துகொள்கிறது. பின்னர் ஃபிடில் தணிந்து, மெட்டு செல்லோவின் கைக்கு வரும்போது அது முதன்மைக் குரலாகவும் நிற்கிறது.

மெதுவான மெட்டுகளில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. அங்கே செல்லோவின் நீண்ட அதிர்வு, கிராமத்து நடனக்கூடத்தை விட்டுக் கச்சேரி மேடைக்கு நகர்ந்துவிடுகிறது. இன்னும் சற்று வறண்ட ஒலியே அம்மெட்டுகளுக்கு நியாயம் செய்திருக்கும்.

கைபேசியின் ஒலிபெருக்கியில் இதைக் கேட்க வேண்டாம். செல்லோவின் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸில் அதிர்வதால், சிறிய ஒலிபெருக்கியில் அதன் அடித்தளமே காணாமற்போய், ஃபிடில் தனியாக வாசிப்பதுபோல் ஆகிவிடும்.